பரபாசுக்கு விடுதலை! நிரபராதிக்குச் சிலுவை! இதுதான் கடவுள் நீதியா?

கிறிஸ்தவ உபதேசிமார்கள் தெருப் பிரசங்கங்களில் ஒரு கதை சொல்லுவது வழக்கம். ஒரு நியாயாதிபதி இருந்தாராம். அவர் முன்பு ஒரு குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். நிமிர்ந்து பார்த்தால் அவன் நியாயாதிபதியின் பால்ய சிநேகிதனாம். நீதியை விட்டுக் கொடுக்க மனமில்லாமல் நியாயாதிபதி சட்டப்படிக்குப் பெரிய அபராதத்தைப் போட்டுவிட்டு, பிறகு ஆசனத்தை விட்டு இறங்கி வந்து, தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கட்டி அவனை விடுவித்தாராம். "பார்த்தீர்களா, நீதியும் நிலைத்தது, அன்பும் ஜெயித்தது. கடவுள் சிலுவையில் செய்தது இதுதான்" என்று கதையை முடிப்பார்கள். கூட்டத்தில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

கதை கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அந்தச் சிநேகிதன் செய்தது அபராதத்தோடு போகிற குற்றமல்ல, கொலைக் குற்றம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நியாயாதிபதி தூக்குத் தண்டனை விதித்துவிட்டு, "இவனை விட்டுவிடுங்கள், இவனுக்குப் பதிலாக ஒரு பாவமும் அறியாத என் மகனைத் தூக்கில் போடுங்கள், நீதி நிறைவேறிவிடும்" என்று சொன்னால், அவரை அன்பே உருவானவர் என்று கும்பிடுவீர்களா? அல்லது அவரை நியாயஸ்தலத்திலிருந்து இறக்கிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பீர்களா?

உபதேசியார் பணத்தைக் காட்டிக் கதை சொல்லுகிறார். ஆனால் நம்மை நம்பச் சொல்லுவது பணத்தையல்ல, இரத்தத்தை. இந்த ஒரு மோசடியை வெளிப்படுத்துவதற்காகவே இவ்வியாசத்தை எழுத நேர்ந்தது.

நிற்க, முதலில் சுவிசேஷங்களில் சொல்லப்பட்டிருக்கும் விசாரணையையே எடுத்துக் கொள்ளுவோம். அதெல்லாம் நடந்ததா இல்லையா என்கிற தகராறுக்கு நாம் இப்போது போகவில்லை. அவர்கள் புஸ்தகத்தில் உள்ளபடியே வைத்துக்கொண்டு யோசிப்போம்.

இயேசு என்பவரை இரவோடு இரவாகப் பிடிக்கிறார்கள். பிரதான ஆசாரியனாகிய காய்பாவிடம் கொண்டு போகிறார்கள். பிறகு ரோமாபுரி சர்க்காரின் அதிகாரியாகிய பிலாத்துவிடம் ஒப்படைக்கிறார்கள். பிலாத்து விசாரித்து, இந்த மனிதனிடத்தில் நான் ஒரு குற்றமும் காணவில்லை என்கிறான். ஒரு தடவையல்ல, லூக்காவின் 23ம் அதிகாரத்தின்படி மூன்று தடவை சொல்லுகிறான். மத்தேயு சொல்லுகிறபடி, அவன் மனைவியே ஆள் அனுப்பி, அந்த நீதிமானை ஒன்றும் செய்யவேண்டாம் என்கிறாள். பிறகு என்ன நடந்தது? பண்டிகைக்கு ஒரு கைதியை விடுவது வழக்கமென்று சொல்லி, கலகத்துக்கும் கொலைக்குமாகக் காவலில் இருந்த பரபாசை வெளியே விடுகிறான். குற்றமற்றவன் என்று தன் வாயாலேயே சொன்ன மனிதனைச் சாட்டையால் அடிப்பித்துச் சிலுவைக்கு அனுப்புகிறான். அதற்கு முன்பு தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவிக் கொள்ளுகிறான்.

தோழர்களே! இதில் நீதி எங்கே இருக்கிறது? நிரபராதி என்று தெரிந்தே தண்டித்த நியாயாதிபதி, தெரியாமல் தண்டித்தவனைவிட ஆயிரம் மடங்கு அயோக்கியன் அல்லவா? கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து தீர்ப்பை மாற்றியவனுக்கு நியாயாதிபதி என்று பெயர் எதற்கு? எந்தக் கிறிஸ்தவரைக் கேட்டாலும் இதுவரையில் நம்மோடு ஒத்துக்கொள்ளுவார். "ஐயோ, அநியாயம்" என்றே சொல்லுவார். ஆனால் அடுத்த நிமிஷமே, இந்த அநியாயம்தான் உலக ரட்சிப்புக்குக் கடவுள் ஆதியிலேயே போட்டுவைத்த திட்டம் என்றும் சொல்லுவார். மனிதன் செய்தால் அநியாயம், அதையே கடவுள் திட்டமிட்டால் கிருபையாம்!

இது நாமாகக் கற்பித்துச் சொல்லுவதல்ல. கிறிஸ்தவ மதத்தின் பெரிய தலைகளே எழுதி வைத்திருக்கிறார்கள். கான்டர்பரியின் தலைமைப் பிஷப்பாயிருந்த ஆன்செல்ம் என்பவர் 1098ல் முடித்த ஒரு நூலில், மனிதனின் பாவத்தினால் கடவுளின் மகிமைக்கு நேர்ந்த குறைவை ஈடுசெய்ய மனிதனால் ஆகாது; ஆகையால் கடவுளே மனிதனாக வந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று என்று வாதித்தார். ஏதோ ஜமீன்தாருக்கு மரியாதைக் குறைவு நேர்ந்துவிட்டால் நஷ்டஈடு கேட்பது போல! சட்டம் படித்தவராகிய கால்வின் இன்னும் ஒரு படி மேலே போனார். 1559ல் அவர் முடிவாக வெளியிட்ட பெரிய நூலில், பிலாத்துவின் விசாரணைக்கே ஒரு வியாக்கியானம் எழுதினார். இயேசு கள்ளர் கையிலோ கலகக் கூட்டத்திலோ செத்திருந்தால் போதாதாம். ஒரு நியாயாதிபதியின் முன் நின்று, குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றே சாக வேண்டுமாம். அதே நியாயாதிபதியின் வாயாலேயே அவர் குற்றமற்றவர் என்றும் சொல்லப்பட வேண்டுமாம். அப்போதுதான் அவர் சுமந்தது பிறருடைய குற்றம் என்று விளங்குமாம்!

அதாவது, விசாரணையில் நடந்த அக்கிரமம்தான் விசாரணையின் பெருமை. நிரபராதி என்று நிரூபணமானதுதான் தண்டனைக்கு யோக்கியதை. உலகத்தில் எந்தச் சட்ட புஸ்தகத்திலாவது இப்படி ஒரு விதி உண்டா?

பாதிரிமார்கள் இன்னொன்றும் சொல்லுவார்கள். "நீதான் பரபாஸ். நானும் பரபாஸ். நம் எல்லோருக்கும் பதிலாக அவர் செத்தார். ஆகையால் சந்தோஷப்படு" என்பார்கள். சரி, பரபாசுக்குச் சந்தோஷந்தான். ஆனால் அந்தக் கலகத்தில் கொலையுண்டவன் ஒருவன் இருந்தானே, அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் கதி என்ன? கொன்றவன் வீதியில் நடமாட, சம்பந்தமில்லாத ஒரு தச்சன் மகன் சிலுவையில் தொங்குவதைப் பார்த்து, எங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் கைதட்டுவார்களா? இரண்டாயிரம் வருஷமாக லட்சக்கணக்கான பிரசங்கங்களில் பரபாசைப் பற்றிப் பேசியவர்கள், பரபாஸ் கூட்டத்தின் கையில் செத்தவனைப் பற்றி எத்தனை பிரசங்கத்தில் பேசியிருப்பார்கள்? குற்றம் என்பது செய்தவனுக்கும் கடவுளுக்கும் மத்தியில் உள்ள கணக்கு வழக்கு என்றாகிவிட்டால், பாதிக்கப்பட்ட மனிதன் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

கடன் வேறு, குற்றம் வேறு. என் கடனை நீங்கள் கட்டலாம். கடன் கொடுத்தவனுக்குப் பணம் வந்தால் சரி, யார் கையால் வந்தது என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. ஆனால் என் குற்றத்தை நீங்கள் சுமக்க முடியாது. குற்றம் செய்தது என் கை, என் புத்தி. உங்களை அடித்தால் என் புத்தி திருந்துமா? இந்த வித்தியாசத்தை 1794ல் தாமஸ் பெயின் தன் "பகுத்தறிவுக் காலம்" என்ற நூலில் எடுத்துக்காட்டினார். அவருக்கு இருநூறு வருஷம் முன்பே, 1594ல், இத்தாலியரான சோசினஸ் இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டார். கடன் பூராவும் வசூலாகிவிட்டதென்றால் அதற்கு மன்னிப்பு என்று பெயர் எப்படி வரும்? மன்னித்தவர் வசூல் செய்யமாட்டார். வசூல் செய்தவர் மன்னித்ததாகச் சொல்லக்கூடாது. இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்னவென்றால், 1598ல் கிராக்கோ நகரத்தில் ஒரு கூட்டம் அவரைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்து, அவர் எழுதி வைத்திருந்த காகிதங்களைக் கொளுத்தியதுதான்.

பெயினின் நூலுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். அதை அச்சிட்டு விற்ற குற்றத்துக்காக 1819ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கார்லைல் என்பவருக்கு 3 வருஷ ஜெயிலும் 1500 பவுன் அபராதமும் போட்டார்கள். அபராதம் கட்டாததினால் அவர் 1825 வரையில் ஜெயிலில் இருக்க வேண்டியதாயிற்று. கிறிஸ்தவ தேசத்தில், கிறிஸ்தவ நியாயஸ்தலத்தில், கிறிஸ்தவ மதத்தைக் காப்பாற்றப் போடப்பட்ட அபராதம் இது. உபதேசியார் கதையில் வருகிறபடி ஆசனத்தை விட்டு இறங்கி வந்து அந்த அபராதத்தைக் கட்ட ஒரு நியாயாதிபதியும் வரவில்லை!

"அவர் தாமாகவே விரும்பித்தானே உயிரைக் கொடுத்தார், அதில் என்ன அநியாயம்?" என்று சிலர் கேட்கலாம். பிறருக்காகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வருகிறவன் பெரியவன்தான், சந்தேகமில்லை. ஆனால் கொடுக்க வந்தவனுடைய பெருமை, வாங்கிக் கொண்டவனுடைய சிறுமையை மறைத்துவிடாது. ஒரு தாய், "என் மகனுக்குப் பதில் என்னைத் தூக்கில் போடுங்கள்" என்று கதறலாம். அது தாயின் பெருமை. "சரி, அப்படியே போடுங்கள்" என்று சொல்லுகிற நியாயாதிபதி கொலைகாரன். அன்றியும், கெத்செமனே தோட்டத்தில் அந்த மனிதர் இந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கக்கூடாதா என்று முகங்குப்புற விழுந்து வேண்டிக் கொண்டதாக அவர்கள் புஸ்தகமே சொல்லுகிறதே!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜனங்கள் எல்லோரும் அழிவதைவிட ஒரே மனிதன் சாவது நல்லது என்று காய்பா யோசனை சொன்னதாக யோவான் 11ம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த யோசனைக்காகக் காய்பாவைக் கிறிஸ்தவர்கள் சண்டாளன் என்கிறார்கள். ஆனால் எல்லோரும் நரகத்துக்குப் போவதைவிட ஒருவன் சாவது நல்லது என்பதுதானே கடவுளின் யோசனையும்! ஒரே யோசனை ஆசாரியன் வாயில் வந்தால் சதி, ஆகாயத்திலிருந்து வந்தால் அன்பு. யோவானே, காய்பா தன்னை அறியாமல் தீர்க்கதரிசனம் சொன்னான் என்று சமாதானம் எழுதிவிட்டுப் போகிறார்.

நிற்க, இதெல்லாம் வெறும் வேதாந்தத் தர்க்கமாயிருந்தால் நாம் இவ்வளவு எழுதவேண்டிய அவசியமே இல்லை. குற்றத்தை ஒருவனிடமிருந்து எடுத்து இன்னொருவன் தலையில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அது அங்கேயே நிற்காது. தன் தலையிலிருந்து இறக்கினதை யார் தலையிலாவது ஏற்றத்தான் சொல்லும். அப்படி ஏற்றப்பட்டவர்கள் யூதர்கள்.

சிலுவையில் அறைவது ரோமாபுரியின் தண்டனை. தீர்ப்புச் சொன்னவன் ரோம அதிகாரி. ஆணி அடித்தவர்கள் ரோமச் சிப்பாய்கள். பிலாத்து இரக்க நெஞ்சன் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி கிடையாது. அவன் காலத்தில் வாழ்ந்த பைலோ என்ற யூத அறிஞர் அவனைக் கொடுமைக்காரன், விசாரணையில்லாமல் ஆட்களைக் கொல்லுகிறவன் என்று எழுதியிருக்கிறார். சமாரியரைக் கொன்று குவித்ததற்காகக் கி.பி. 36ல் அவன் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டதாக ஜொசீபஸ் எழுதியிருக்கிறார். பண்டிகைக்குக் கைதியை விடும் வழக்கம் ஒன்று இருந்ததென்பதற்கும் சுவிசேஷங்களுக்கு வெளியே ஆதாரம் கிடையாது. எருசலேம் கி.பி. 70ல் ரோமரால் அழிக்கப்பட்டதை ஒட்டியும் அதற்குப் பின்னும், ரோமாபுரியின் ஆட்சிக்குள்ளேயே, அதன் தயவில் வாழவேண்டியவர்களாய் இருந்து எழுதியவர்கள், ரோம அதிகாரியின் கையைக் கழுவிவிட்டு யூதர் கையில் இரத்தத்தைப் பூசினார்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுவதில் ஆச்சரியமென்ன? கழுவினது எவ்வளவு சுத்தமாய்க் கழுவியாயிற்றென்றால், எத்தியோப்பியச் சபையார் பிலாத்துவைப் பரிசுத்தவானாகவே கொண்டாடுகிறார்கள்!

அந்த இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டத்தார் கத்தியதாக மத்தேயு மாத்திரம் 27ம் அதிகாரத்தில் எழுதிவைத்தார். ஒரு முற்றத்தில் கூடிய கூட்டம் கத்தியதாகச் சொல்லப்படும் இந்த ஒரு கூச்சலுக்காகப் பிறக்காத பிள்ளைகள் எத்தனை தலைமுறை செத்தார்கள் என்று பாருங்கள். பொன்வாயர் என்று பட்டம் பெற்ற கிறிசோஸ்தோம், 386, 387ம் வருஷங்களில் அந்தியோக்கியாவில் யூதரைக் கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று வாய்கூசாமல் வசைபாடினார். 1096ல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் போகிற வழியில் வொர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைப் பெண்டு பிள்ளைகளோடு வெட்டித் தள்ளின. பிரான்சில் துலூஸ் நகரத்தில் ஈஸ்டர் காலத்தில் ஒரு யூதனை வரவழைத்து, கோயிலில் வைத்துக் கன்னத்தில் அறைவது ஒரு சடங்காகவே நடந்தது. 1215ல் ரோமில் லாத்தரன் மகாசபை கூடி, யூதர் உடையாலேயே அடையாளம் தெரியவேண்டும் என்றும், சிலுவைப்பாட்டு நாட்களில் அவர்கள் வெளியே வரக்கூடாதென்றும் விதித்தது. 1290ல் இங்கிலாந்திலிருந்து துரத்தினார்கள். 1903ல் ருஷ்ய ராஜ்யத்தில் கிஷினேவ் நகரத்தில் நடந்த கொலைகள் ஆரம்பித்தது ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று. நாஜிகள் 60 லட்சம் யூதரைக் கொன்றதற்கு மதம் ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை, அது இனவெறி. ஆனால் அந்த விதை விழுந்த நிலம் எத்தனை நூற்றாண்டாக உழப்பட்டு, எந்தப் பிரசங்கத்தால் எருவிடப்பட்டது என்பதை மறைக்க முடியுமா?

இதில் புத்தியாவது உண்டா? இயேசு செத்ததினால்தான் உலகத்துக்கு ரட்சிப்பு என்றால், சாவதற்குக் காரணமானவர்களுக்கு நன்றியல்லவா சொல்லவேண்டும்? அவர் சாவு கடவுளின் திட்டமென்றால், திட்டப்படி நடந்தவர்களுக்குத் தண்டனை எதற்கு? கடவுள் எழுதின நாடகத்தில் வேஷம் போட்டவனை மேடையிலிருந்து இறக்கி நூற்றாண்டு நூற்றாண்டாக உதைப்பானேன்?

கடைசியில் கத்தோலிக்க சபைக்கே வெட்கம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஜெபத்தில் யூதரைப் பற்றியிருந்த இழிசொல்லை 1959ல் எடுத்தார்கள். 1965 அக்டோபர் 28ந் தேதி வத்திகான் சங்கம், அன்று நடந்ததற்கு அக்காலத்து யூதர் எல்லோர் மேலும், இக்காலத்து யூதர் மேலும் பழி சுமத்தக்கூடாது என்று பிரகடனம் செய்தது. நல்லது, சந்தோஷம். இருபது வருஷத்துக்கு முன்பு கல்லறைகூட இல்லாமல் போனவர்கள் இதைக் கேட்க எழுந்து வரப்போவதில்லை என்றாலும், இனிப் பிறக்கும் குழந்தைகளுக்காவது பிரயோஜனப்படும்.

ஆனால் நம்முடைய கேள்வி இப்போதுதான் ஆரம்பமாகிறது. முன்னோர் செய்த குற்றம் பிள்ளைகளைச் சேராது என்று யூதர் விஷயத்தில் ஒப்புக்கொண்டீர்களே, அப்படியானால் ஆதாம் என்பவன் தின்ற பழத்தின் குற்றம் இன்று பிறந்த குழந்தையை எப்படிச் சேருகிறது? ஜென்ம பாவம் பிறப்பின் வழியாகவே எல்லோருக்கும் வருகிறது என்று 1546ல் திரெந்து மகாசபை தீர்மானித்தது. 1530ல் லுத்தர் கட்சியாரின் அவுஸ்புர்க் அறிக்கையும் அதையே சொல்லிற்று. இரண்டு கட்சியாரும் அதைக் கைவிட்டார்களா? இல்லை. ஒரு கூட்டத்தின் பாவம் அதன் சந்ததியைத் தொடராதென்றால், ஒரு தனிமனிதனின் பாவம் உலக ஜனத்தொகை முழுவதையும் தொடருவதெப்படி? தொடராதென்றால் ஜென்ம பாவம் இல்லை. ஜென்ம பாவம் இல்லையென்றால் அதைத் தீர்க்க ஞானஸ்நானம் எதற்கு, இரத்த பலி எதற்கு, ஒரு நிரபராதி சாகத்தான் எதற்கு? ஒரு கல்லை உருவினார்கள். மேலே இருக்கும் கட்டிடம் எதன் மேல் நிற்கிறது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிற கருத்து அவர்களுடைய எசேக்கியேல் 18ம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை யூதனுக்கு மாத்திரம் அனுமதித்துவிட்டு மற்றவர்களுக்கு மறுப்பானேன்?

இதைப் படித்து நம் ஊர் வைதீகர்கள் உள்ளுக்குள் குதூகலப்பட வேண்டியதில்லை. பூர்வ ஜென்மத்தில் யாரோ செய்ததற்காக இந்த ஜென்மத்தில் ஒருவனைத் தீண்டாதவனாக்கிச் சேரிக்கு வெளியே வரவிடாமல் வைத்தவர்கள், ஆதாம் கதையைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உடையவர்களா? ஒருவர் பிறப்பிலேயே பாவம் என்கிறார். மற்றவர் பிறப்பே தண்டனை என்கிறார். இரண்டும் ஒரே செக்கு. இந்தப் புத்தியே சட்டப் புஸ்தகத்தில் ஏறினபோது என்ன ஆயிற்று என்பதையும் நாம் பார்த்தோம். 1871ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் செய்து, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் புகுத்தி, குறிப்பிட்ட ஜாதியில் பிறந்தவனைப் பிறந்த குற்றத்துக்காகவே கைரேகை வைக்கச் சொன்னார்கள். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3ந் தேதி சுட்டார்கள். 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

ஆகவே கிறிஸ்தவத் தோழர்களே! உங்களை நாம் கேட்பது அதிகமில்லை. இயேசுவை வையச் சொல்லவில்லை. அதிகாரத்துக்கும் ஆசாரியர்களுக்கும் பிடிக்காததைப் பேசின ஒரு ஏழை மனிதனை, குற்றமில்லையென்று தெரிந்தும் கொன்றார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படியானால் அதை அநியாயம் என்றே சொல்லுங்கள். அநியாயம் என்று சொல்லி அதோடு நிறுத்துங்கள். அதற்கு ரட்சிப்பு என்று பட்டம் கட்டாதீர்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பாவி என்றும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்து உன் பாவந்தான் அவரைக் கொன்றது என்றும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். நிரபராதி தண்டிக்கப்படுவதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் பாடப் பழகினவன், நாளைக்குத் தன் தெருவில் ஒரு நிரபராதியைப் போலீசார் பிடித்துக்கொண்டு போகும்போது எப்படி வாய் திறப்பான்?

குற்றம் செய்தவன்தான் குற்றவாளி. அதைத் தகப்பனிடமிருந்து மகனுக்கும், பரபாசிடமிருந்து தச்சன் மகனுக்கும், எந்தக் கடவுளாலும் கைமாற்ற முடியாது. பிலாத்து கழுவினது அழுக்குக் கை. அதன் மேல் தேவ வசனத்தை ஊற்றினாலும் அது சுத்தமாகாது.